விடுமுறை முடிந்து எத்தனை பேர் திரும்பி வருவார்கள்?

(திருக்குடும்ப விழா ஞாயிறு, 28 டிசம்பர் 2025 – வானொலி மறையுரை)



கடந்த செவ்வாய்க்கிழமை, 23-ஆம் தேதியோடு நம் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு முடிந்தது. கடைசித் தேர்வு எழுதிய கையோடு பிள்ளைகள் மைதானத்தில் எழுப்பிய சத்தம் ஆலயப் பீடம் வரை கேட்டது. மார்கழிக் குளிருக்குப் போட்டுவந்த ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினார்கள். மறுநாளிலிருந்து விடுமுறை. பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் மட்டும் இது பாதி விடுமுறைதான். மார்ச் மாதப் பொதுத்தேர்வு இப்போதே அவர்கள் தலைமேல் நிற்கிறது.

இந்தப் பருவத்தில் நம் பள்ளிகளில் நடந்தவற்றில் இரண்டு செய்திகளை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். முதலாவது, காலை உணவு. 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் மதுரையில் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய இந்தத் திட்டம், 2024-ஆம் ஆண்டு ஜூலை 15 அன்று ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு வந்தது. திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் உள்ள புனித அன்னாள் தொடக்கப் பள்ளியில்தான் அதைத் தொடங்கி வைத்தார்கள். இந்த ஆண்டு ஆகஸ்ட் 26 அன்று சென்னை மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளியில் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் தொடங்கினார்கள். இரண்டுமே கத்தோலிக்கப் பள்ளிகள். நம் பங்கின் தொடக்கப் பள்ளியிலும் இப்போது காலையில் உப்புமா, கிச்சடி, பொங்கல் மணக்கிறது. அதிகாலை ஷிப்டுக்குப் போகும் தாய்மார் பலர் அடுப்பு பற்றவைக்க நேரமில்லாமல் பிள்ளையை வெறும் வயிற்றோடு அனுப்பி வந்தார்கள். காலை இறைவேண்டல் நேரத்தில் மயங்கி விழும் பிள்ளைகளை இந்தப் பருவத்தில் நாங்கள் பார்க்கவில்லை. இறைவனுக்கு நன்றி சொல்வோம்.

இரண்டாவது செய்தி, குடில். மெட்ரிக் பள்ளியில் ஒவ்வொரு வகுப்பும் ஒரு குடில் அமைத்தது. கேழ்வரகுத் தாளில் கூரை, சிமெண்ட் சாக்கில் மலை, பழைய கைப்பேசி அட்டைப்பெட்டியில் பெத்லகேம் வீடுகள். ஐந்தாம் வகுப்புக் குடிலில், தீவனத் தொட்டிக்குப் பின்னால், ஒரு பையன் பொம்மை லாரி ஒன்றை நிறுத்தியிருந்தான். “தம்பி, பெத்லகேமில் ஏதுப்பா லாரி?” என்று கேட்டோம். அவன் தயங்காமல் சொன்னான்: “சூசையப்பர் எகிப்துக்கு எதுல போவாரு ஃபாதர்? எங்கப்பா எங்கள லாரியிலதான் கூட்டிட்டு வந்தாரு.”

அந்தப் பையனுக்குப் பரிசு கொடுத்தார்களா என்று கேட்காதீர்கள். நடுவர்கள் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். ஆனால் இன்றைய நற்செய்தியை அவன்தான் நமக்கு முன்கூட்டியே விளக்கிவிட்டான்.

அன்புக்குரியவர்களே, திருக்குடும்ப விழாவான இன்று நாம் கேட்கும் நற்செய்தி, மத்தேயு 2-ஆம் அதிகாரத்தின் 13 முதல் 15 வரையுள்ள வசனங்களும், 19 முதல் 23 வரையுள்ள வசனங்களும் ஆகும். கனவில் வானதூதர் எச்சரிக்கிறார். யோசேப்பு எழுந்து, இரவோடு இரவாக எகிப்துக்குப் புறப்படுகிறார். ஏரோது இறந்தபின் திரும்பி வருகிறார். யூதேயாவில் அவன் மகன் அர்க்கெலா ஆட்சி செய்வதைக் கேள்விப்பட்டு, அங்கே போக அஞ்சி, கலிலேயாவுக்குப் போய் நாசரேத்தில் குடியேறுகிறார்.

அழகான குடும்பப் படம் ஒன்றை இந்த விழா நாளில் நாம் எதிர்பார்க்கிறோம். திருச்சபையோ ஊர்விட்டு ஊர் ஓடும் ஒரு குடும்பத்தைக் காட்டுகிறது. 1952-ஆம் ஆண்டு திருத்தந்தை 12-ஆம் பயஸ் புலம்பெயர்ந்தோரைப் பற்றி ஒரு திருத்தூதுக் கொள்கை விளக்கம் வெளியிட்டார். எகிப்துக்கு ஓடிய நாசரேத்துக் குடும்பமே எல்லாக் காலத்து அகதிக் குடும்பங்களுக்கும், பிழைப்புத் தேடிப் போகும் குடும்பங்களுக்கும் முன்மாதிரி என்பதுதான் அதன் தொடக்கம்.

இந்த நற்செய்தியைக் கூர்ந்து கவனித்தால் ஒன்று தெரியும். நான்கு முறை மத்தேயு ஒரே சொல்வரிசையைப் பயன்படுத்துகிறார். முதலில் குழந்தை, பிறகு அதன் தாய். வானதூதர் சொல்லும்போதும் அப்படித்தான், யோசேப்பு செய்யும்போதும் அப்படித்தான். அந்தக் காலத்து வழக்கப்படி குடும்பத்தலைவனின் பெயர் முதலில் வந்திருக்க வேண்டும். இங்கே அவர் கடைசியில், பயணத்துக்கு ஆள்போல நிற்கிறார். நற்செய்தி முழுவதும் தேடினாலும் யோசேப்பு பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. ஆனால் அவர் எடுத்த ஒவ்வொரு முடிவும் ஒரே கேள்விக்குப் பதிலாக இருக்கிறது: இந்தக் குழந்தைக்கு எந்த இடம் நல்லது? போனதும் குழந்தைக்காக, வந்ததும் குழந்தைக்காக, யூதேயாவைத் தவிர்த்து வடக்கே போனதும் குழந்தைக்காக. தச்சு வேலைக்கு எங்கே கூலி அதிகம் என்று அவர் முதலில் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தவறு என்று நாம் சொல்லவில்லை. வயிற்றுப்பாடு யாருக்கும் உண்டு. ஆனால் அவர் கணக்கில் குழந்தை முதல் வரியில் இருந்தது.

இன்னொன்று. இன்று வாசிக்கும் நற்செய்திப் பகுதியில் 16 முதல் 18 வரை மூன்று வசனங்கள் விடுபட்டிருக்கின்றன. பெத்லகேமிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இரண்டு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகளை ஏரோது கொன்றதும், தன் பிள்ளைகளுக்காக இராகேல் அழுவதாக இறைவாக்கினர் எரேமியா சொன்னதும் அந்த வசனங்களில்தான் உள்ளன. அவற்றைத் திருச்சபை டிசம்பர் 28-ஆம் நாள், மாசில்லாக் குழந்தைகள் விழாவில் வாசிக்கிறது. இந்த ஆண்டு அந்த நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்துவிட்டது. எனவே திருக்குடும்ப விழா முன்னுரிமை பெற, மாசில்லாக் குழந்தைகளின் விழா இவ்வாண்டு கொண்டாடப்படவில்லை. ஒரு குழந்தை தப்பித்த கதையை வாசிக்கிறோம். தப்பிக்க முடியாத குழந்தைகளின் கதை, அதே பக்கத்தில், நடுவில், வாசிக்கப்படாமல் இருக்கிறது.

பெத்லகேம் அப்போது சிற்றூர். கொல்லப்பட்ட குழந்தைகள் ஏறக்குறைய இருபது பேர் இருக்கலாம் என்று விவிலிய அறிஞர் சிலர் கணிக்கிறார்கள். நம் பள்ளிக் கணக்கில் சொன்னால் பாதி வகுப்பறை. உரோமைப் பேரரசின் வரலாற்றில் அது ஒரு செய்தியே இல்லை. ஆனால் மத்தேயு அதை எழுதி வைத்தார். திருச்சபை அவர்களைப் புனிதர் வரிசையில் வைத்தது. விடுபட்ட பிள்ளைகளை எண்ணுவது நம் விசுவாசத்தின் ஒரு பகுதி.

நம் ஊருக்கு வருவோம். ஓசூர் எல்லையூர். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அது கர்நாடகம். பெங்களூரு நாற்பது கிலோமீட்டர். சிப்காட் வருவதற்கு முன்பே தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே சந்தையில் பேரம் பேசிய ஊர் இது. பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி, ஓசூரில் பள்ளியில் படித்து, எல்லையைத் தாண்டி பெங்களூரு சென்ட்ரல் கல்லூரிக்குப் போனார். 1948-இல் நாட்டின் கவர்னர் ஜெனரல் ஆனார். இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து பெஞ்சு ஒன்று ஒரு சிறுவனை எவ்வளவு தூரம் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

1970-களில் தொழிற்பேட்டை வந்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று ஆலைகள் வளர்ந்தன. சேலத்திலிருந்தும் வேலூரிலிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும் நம் மக்கள் வந்தார்கள். இன்று இந்த ஆலயத்தில் அமர்ந்திருக்கும் மூத்த குடும்பங்களில் பல அப்படி வந்தவைதான். தகரப்பெட்டியும் பாயுமாக வந்து இறங்கிய கதையை நீங்களே எங்களிடம் சொல்லியிருக்கிறீர்கள். 1930-இல் சேலம் மறைமாவட்டம், 1997-இல் அதிலிருந்து பிரிந்து நம் தர்மபுரி மறைமாவட்டம் என்று திருச்சபையும் உங்களோடு சேர்ந்து இந்த மண்ணில் வேரூன்றியது.

இப்போது அடுத்த அலை. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம். மின்னணு ஆலைகளுக்கும், மின்சார ஸ்கூட்டர் ஆலைக்கும், கிரானைட் குவாரிக்கும், செங்கல் சூளைக்கும், ரோஜாப் பண்ணைக்கும் அவர்கள் வருகிறார்கள். ஞாயிறு திருப்பலியில் பின்வரிசையில் நிற்கும் ஜார்க்கண்ட் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுள் பலர் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர். அவர்களுக்கு நம் மொழி தெரியாது. நம் பாட்டு தெரியாது. ஆனால் எழுந்தேற்றம் வரும்போது அவர்கள் முழங்காலிடும் விதத்தைப் பார்த்தால், யார் விருந்தாளி, யார் வீட்டுக்காரர் என்ற எண்ணம் நமக்கு மறந்துபோகும். தமிழ் கற்றல் சட்டப்படி அவர்களுடைய பிள்ளைகளும் பள்ளியில் தமிழ் படிக்கிறார்கள். ஆறு மாதத்தில் அம்மாவுக்கு மளிகைக் கடையில் மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடுகிறார்கள்.

இந்தப் பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறை ஆபத்தான காலம். ஏன் என்று விளக்க வேண்டும்.

முதலாவது, வேலை. செங்கல் சூளைகளில் ஜனவரி பிறந்தால் வேலை மும்முரம். முன்பணம் வாங்கிய குடும்பம் எந்தச் சூளைக்குச் சொல்கிறார்களோ அந்தச் சூளைக்குப் போக வேண்டும். ரோஜாத் தோட்டங்களில் பிப்ரவரி 14-ஆம் தேதிக்கு வெளிநாடு போகும் பூக்களுக்காக ஜனவரியிலேயே கை போதாது. தாஜ்மகால் ரோஜா கட்டுக்கட்டாக விமானம் ஏறும். விடுமுறைதானே என்று பிள்ளையும் பத்து நாள் கூடப் போகிறது. கையில் காசு வருகிறது. பள்ளி திறந்த பிறகும் ‘இந்த வாரம் மட்டும்’ என்கிறார்கள். அந்த வாரம் முடிவதே இல்லை.

இரண்டாவது, இடமாற்றம். ஆண்டின் நடுவில் குடும்பம் எல்லைக்கு அந்தப் பக்கம் போகிறது. ஆனேக்கல், அத்திப்பள்ளி, இன்னும் தூரம். பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழ் கையில் இல்லை. புதிய ஊரில் மொழி வேறு, பாடநூல் வேறு. ஜூனில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறார்கள்.

மூன்றாவது, திருமணம். தை பிறந்தால் வழி பிறக்கும் என்போம். நம் மாவட்டத்து மலைக் கிராமங்களில் சில பெண்பிள்ளைகளுக்குத் தை பிறந்தால் பள்ளிக்குப் போகும் வழி அடைபடுகிறது. பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைக்கு விடுமுறையில் பேசி முடித்து, பள்ளி திறக்குமுன் தாலி கட்டிவிடுகிறார்கள். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். நற்செய்தியின்படி அது பாவம். இதை மென்று விழுங்கிச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

ஏரோதின் வாள் இன்று யார் கையிலும் இல்லை. யாரும் கெட்டவர்களாகவும் இருக்க வேண்டியதில்லை. முன்பணம் கொடுத்தவர் தொழில் செய்கிறார். அப்பா கடன் அடைக்கிறார். அம்மா பெண்ணுக்குப் பாதுகாப்புத் தேடுகிறார். பள்ளி அலுவலகம் விதியைப் பார்க்கிறது. ஆளுக்கொரு நியாயம் இருக்கிறது. எல்லா நியாயங்களும் சேர்ந்து முடிவில் ஒரு பிள்ளையின் இடத்தைக் காலியாக்கிவிடுகின்றன.

பள்ளி அலுவலகம் என்று சொன்னோம் அல்லவா? இங்கே நாங்கள் ஒரு தவற்றை அறிக்கையிட வேண்டும். திருக்குடும்ப விழாவில் பிறர் வீட்டைப் பற்றி மட்டும் பேசிவிட்டு இறங்கினால் அது நேர்மை ஆகாது.

சில ஆண்டுகளுக்கு முன்பு, நாங்கள் பொறுப்பிலிருந்த ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்பு படித்த ஒரு சிறுமி. அப்பாவுக்குக் குவாரியில் வேலை. அரையாண்டு விடுமுறை முடிந்த வாரத்தில் அவர் அலுவலகத்துக்கு வந்தார். வேறு ஊருக்குப் போகிறோம், டி.சி. வேண்டும் என்றார். கணக்கைப் பார்த்தார்கள். கட்டணப் பாக்கி 4,200 ரூபாய். “கட்டிட்டு வாங்கிக்குங்க” என்றார்கள். சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிப் போனார். வரவில்லை. யாரும் தேடவில்லை. சில வாரங்கள் வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே தொடர்ந்து ‘ஆ’ போட்டார்கள். பிறகு சிவப்பு மையால் ஒரு கோடு. அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஒரு பங்குக் குடும்பத்தைப் பார்க்கப் போனபோது, வழியில் ஒரு ரோஜாப் பண்ணை வாசலில் அவளைப் பார்த்தோம். பூமொட்டுகளுக்கு வலையுறை மாட்டிக்கொண்டிருந்தாள். விரல்களில் முள் கிழித்த கோடுகள். அடையாளம் தெரிந்து எழுந்து நின்றாள். தோத்திரம் சொன்னாள். பிறகு கேட்டாள்: “ஃபாதர், டி.சி. குடுத்தீங்கன்னா இங்க இருக்கற ஸ்கூல்ல சேத்துக்குவாங்களா?”

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்போம். ஏதோ உதவி கேட்பதுபோலக் கேட்டாள்.

அந்த வாரமே சான்றிதழ் தயாரானது. பாக்கியைத் தள்ளுபடி செய்ய ஒரு கையெழுத்து போதும். தாளாளரின் கையெழுத்து. ஓராண்டுக்கு முன்னும் அதே கையெழுத்து போதுமாக இருந்தது. எடுத்துக்கொண்டு போனபோது அந்தக் குடும்பம் அங்கே இல்லை. வேலை முடிந்து எங்கோ போய்விட்டார்கள். எங்கே என்று பண்ணையில் யாருக்கும் தெரியவில்லை. அந்தச் சான்றிதழ் நெடுநாள் எங்கள் மேசை இழுப்பறையில் கிடந்தது. ஒவ்வோர் ஆண்டும் குடிலுக்கு முன் நின்று செபிக்கும்போது அது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 5-ஆம் பிரிவு, பிள்ளை வேறு பள்ளிக்கு மாறக் கேட்டால் தலைமையாசிரியர் உடனே மாற்றுச் சான்றிதழ் தர வேண்டும் என்கிறது. சான்றிதழ் தாமதமானது என்ற காரணத்துக்காகப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. 14-ஆம் பிரிவு, வயதுச் சான்று இல்லை என்பதற்காகப் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும், மாற்றுச் சான்றிதழ் கட்டணப் பாக்கியை வசூலிக்கும் கருவி அல்ல என்று தெளிவுபடுத்தியது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2014-இல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை மறுபடி ஆராய வேண்டும் என்று இவ்வாண்டு செப்டம்பரில் அதே நீதிமன்றத்தின் வேறோர் அமர்வு கருத்துத் தெரிவித்திருக்கிறது. முடிவு எப்படியும் இருக்கட்டும். நம் நிறுவனங்களை நாமே நடத்தும் உரிமை அரசியல் சாசனம் தந்த உரிமை. அதைக் காப்பது நம் கடமை. ஆனால் அந்த உரிமை எதற்குத் தரப்பட்டது? ஏழைப் பிள்ளையிடம் சட்டம் கேட்பதைவிடக் குறைவாக நடந்துகொள்வதற்கா? சட்டம் நம்மைக் கட்டாத இடத்தில்தான் நற்செய்தி நம்மை இறுகக் கட்டுகிறது. அரசுப் பள்ளி சட்டத்துக்குப் பயந்து செய்வதைக் கத்தோலிக்கப் பள்ளி குழந்தை இயேசுவின் பொருட்டாவது செய்ய வேண்டாமா?

இதை எங்களுக்கே முதலில் சொல்லிக்கொண்டோம். இப்போது எங்கள் பள்ளிகளில் கட்டணப் பாக்கிக்காக எந்தச் சான்றிதழும் நிறுத்தி வைக்கப்படுவதில்லை. கேட்ட அன்றே தருகிறோம். பாக்கியை எழுதி வைக்கிறோம். சிலர் பின்னாளில் தேடி வந்து கட்டுகிறார்கள். சிலர் கட்டுவதில்லை. அதனால் பள்ளி மூடப்பட்டுவிடவில்லை.

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு சொல். இன்னும் சில நாளில் அரையாண்டு மதிப்பெண் பட்டியல் வீட்டுக்கு வரும். இன்றைய இரண்டாம் வாசகத்தில் கொலோசையர்க்கு எழுதும் பவுல், தந்தையரை நோக்கி, பிள்ளைகளுக்கு எரிச்சல் மூட்டாதீர்கள், அவர்கள் மனம் சோர்ந்துபோவார்கள் என்ற பொருளில் அறிவுரை சொல்கிறார். கணக்கில் 38 வாங்கிய பிள்ளையிடம், “பக்கத்து வீட்டுப் பிள்ளை 92” என்று சொல்வதால் அந்த 38 கூடிவிடாது. பிள்ளை கூனிப்போகும். சிலர் கோபத்தில், “படிச்சது போதும், கம்பெனிக்குப் போ” என்கிறார்கள். அந்த வார்த்தையைக் கேட்பதற்கென்றே சில பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்பதை மறக்காதீர்கள். கைப்பேசி வாங்கும் காசு ஒரு மாதத்தில் வரும். படிப்பு போனால் ஆயுள் முழுக்க ஒப்பந்தத் தொழிலாளிதான்.

பணம்தான் தடை என்றால், கேளுங்கள், விசாரியுங்கள். ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம், 2024 டிசம்பர் 30 முதல் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் கிடைக்கிறது. பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. இந்தத் தொகை பெரிதல்ல. ஆனால் பேருந்துக்கும் புத்தகத்துக்கும் ஆகும். பள்ளிப் படிப்பை விடாமல் உயர்கல்விக்குப் போனால்தான் இந்தக் கதவு திறக்கும். நடுவில் நின்றால் திறக்காது.

இறைமக்களே, இப்போது ஒரு வேண்டுகோள். பள்ளி திறக்க இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. ஒவ்வோர் அன்பியமும் இந்த வாரம் தன் தெருவில் ஒரு சுற்று வரட்டும். வாழ்த்து அட்டை வேண்டாம். கேக் இருந்தால் இரண்டு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். தகரக் கூரை வீடுகளுக்கும், ஒரே அறையில் பத்துப் பேர் தங்கும் விடுதிகளுக்கும், சூளைக்கு அருகில் உள்ள குடிசைகளுக்கும் போங்கள். ஒரே கேள்வி கேளுங்கள்: “பிள்ளை ஸ்கூல் திறந்ததும் போகுதா?” போகவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள். சான்றிதழ் சிக்கல் என்றால் பங்கு அலுவலகத்தில் சொல்லுங்கள், பள்ளி எதுவானாலும் பேசுவோம். திருமணப் பேச்சு நடக்கிறது என்று தெரிந்தால் 1098 என்ற எண்ணை அழையுங்கள். அழைத்தவர் பெயர் வெளியே வராது. மொழி தெரியவில்லை என்று ஒதுங்காதீர்கள். வீட்டில் இருக்கும் பிள்ளையே உங்களுக்கு மொழிபெயர்க்கும்.

மாணவர்களே, உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. பள்ளி திறந்த முதல் நாள், உங்கள் பெஞ்சில் பக்கத்து இடம் காலியாக இருந்தால், அதில் பையை வைத்துவிடாதீர்கள். ஆசிரியரிடம் போய்ச் சொல்லுங்கள். அவன் வீடு உங்களுக்குத்தான் தெரியும். அவள் போகும் வழி உங்களுக்குத்தான் தெரியும். பதிவேட்டைவிட நண்பனின் நினைவு முந்திக்கொள்ளும். ஒரு வாரத்துக்குள் தேடிப் போனால் பெரும்பாலான பிள்ளைகளைத் திருப்பிக் கொண்டுவந்துவிடலாம். இரண்டு மாதம் கழித்துப் போனால் பூட்டிய வீட்டைத்தான் பார்ப்போம். இதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

ஆசிரியப் பெருமக்களே, உங்கள் சுமை எங்களுக்குத் தெரியும். தேர்ச்சி விழுக்காடு கேட்கிறார்கள், இணையத்தில் தகவல் பதிவேற்றச் சொல்கிறார்கள், விடைத்தாள் குவிந்து கிடக்கிறது. இருந்தும் கேட்கிறோம். மூன்று நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்கு நான்காம் நாள் யாராவது ஒருவர் போகட்டும். பேருந்துச் செலவைப் பங்கு தரும். கத்தோலிக்கப் பள்ளி என்பது வாயிலில் இருக்கும் சுரூபத்தால் மட்டும் தெரிவதல்ல. நம் பள்ளிகளில் படிப்போரில் பெரும்பாலோர் நம் சமயத்தவர் அல்லர். அவர்களுக்கு நம் மறைக்கல்வி தெரியாமல் இருக்கலாம். வராத பிள்ளையைத் தேடி வந்த டீச்சரைத் தெரியும்.

கடந்த அக்டோபர் 28-ஆம் நாளோடு, கிறிஸ்தவக் கல்வி பற்றிய இரண்டாம் வத்திக்கான் சங்க ஏடு வெளிவந்து அறுபது ஆண்டுகள் நிறைவடைந்தன. அதையொட்டித் திருத்தந்தை 14-ஆம் லியோ கல்வியைப் பற்றி ஒரு திருத்தூது மடல் எழுதினார். நவம்பர் முதல் நாள், புனித ஜான் ஹென்றி நியூமனைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். திருச்சபை இவ்வளவு பெரிதாகக் கொண்டாடும் கல்விப் பணி, நம் ஊரில் ஒரு காலி பெஞ்சை யாரேனும் கவனிப்பதில்தான் தொடங்குகிறது.

இன்று இன்னொரு நிறைவும் உண்டு. திருத்தந்தை பிரான்சிஸ் தொடங்கிவைத்த 2025 யூபிலி ஆண்டு, மறைமாவட்டங்களில் இன்றோடு முடிகிறது. எதிர்நோக்கின் திருப்பயணிகள் என்று ஓராண்டு முழுவதும் நம்மை அழைத்துக்கொண்டோம். திருப்பயணம் போனோம், பேறுபலன் பெற்றோம். யூபிலியின் விவிலியப் பொருள் கடன் தள்ளுபடி, விடுதலை, அவரவர் தம் இடத்துக்குத் திரும்பி வருதல். இந்த மூன்றும் நடக்க வேண்டிய ஒரு சிறிய இடம் பள்ளி அலுவலகம் என்று நமக்குத் தோன்றுகிறது. பாக்கி தள்ளுபடி ஆகட்டும், பிள்ளை விடுதலை பெறட்டும், தன் பெஞ்சுக்குத் திரும்பி வரட்டும். யூபிலி இங்கே அப்படி நிறைவு பெறட்டும்.

யோசேப்பு எகிப்திலிருந்து திரும்பி வந்தார், குழந்தையோடு. நாசரேத்தில் அந்தக் குழந்தை வளர்ந்தது, தொழில் கற்றது, தொழுகைக்கூடத்தில் இறைவார்த்தையை வாசிக்கவும் கற்றது. பின்னாளில் அந்த ஊர்த் தொழுகைக்கூடத்தில் ஏட்டுச்சுருளை விரித்து, ஏழைகளுக்கு நற்செய்தி என்ற இடத்தைத் தேடி எடுத்து வாசித்தவர் அவரே. அவரைப் பாதுகாத்துக் கொண்டுவந்து சேர்க்க ஒரு தந்தை இருந்தார். வழியில் எகிப்தில் ஏதோ ஒரு தெருவில், பெயர் தெரியாத யாரோ அந்தக் குடும்பத்துக்கு வீடு கொடுத்திருப்பார்கள், வேலை கொடுத்திருப்பார்கள். அவர்களைப் பற்றி நற்செய்தியில் ஒரு வரியும் இல்லை. நம் பங்கு அந்தத் தெருவாக இருக்கட்டும்.

செபிப்போம். ஆண்டவரே, இரவில் ஊரைவிட்டுப் புறப்பட்ட குழந்தையே, எங்கள் ஊருக்கு வந்துள்ள எல்லாப் பிள்ளைகளையும், எங்கள் ஊரைவிட்டுப் போன எல்லாப் பிள்ளைகளையும் உம் கையில் ஒப்படைக்கிறோம். எங்கள் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழுந்த பெயர்கள் உம் ஏட்டில் அழியாமல் இருக்கின்றன. அவர்கள் எங்கே இருந்தாலும் அவர்களுக்கு ஒரு யோசேப்பைத் தாரும். நாங்கள் தேடாமல் விட்ட பிள்ளைகளுக்காக எங்களை மன்னியும். விடுமுறை முடியும் அந்தக் காலை, முதல் மணி அடிக்கும்போது, வர வேண்டியவர்கள் எல்லாரும் வந்திருக்க அருள்புரியும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.